முப்பத்தெட்டு மணி நேரம்

நெப்டியூனைத் தாண்டி வெகுதூரம் போய்விட்ட அந்த விண்கலம் ஒரு மாதமாகப் பேசவில்லை. பணி ஓய்வு பெறும் நாளன்று மாலை நான்கு மணிக்கு, மாற்று ஆன்டெனாவுக்கு மாறச் சொல்லி அதற்குக் கட்டளை அனுப்பிய திலகவதி, அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கட்டளை போய்ச் சேர்ந்து பதில் வர முப்பத்தெட்டு மணி நேரமாகும். மூன்றாம் நாள் விடியும்போதே அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"கார்டு இல்லாம உள்ள விட முடியாதும்மா," என்றார் காவலாளி, சங்கடத்தோடு.

"தெரியும்ப்பா. இங்கயே நிக்கிறேன்."

காவலாளி தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஆறேகாலுக்கு, திலகவதியிடம் வேலை பழகிய அன்வர் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

"மேடம், பேசிடுச்சு! அடுத்து என்ன அனுப்பணும்னு உங்களக் கேக்கச் சொன்னாங்க."

முப்பது வருடம் கட்டளை எழுதியவருக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"ரொம்பக் குளிருதான்னு மொதல்ல கேளுப்பா," என்றார்.