கட்டி முடியாத ஆலை

ஆலையின் புகைபோக்கி இடிந்து விழுந்துவிட்டது. விழுந்த வேகத்தில் கூரையில் பாதியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

"போன வாரமும் இதேதானேடா விழுந்துச்சு?" இடுப்பில் கைவைத்தபடி கேட்டாள் அக்கா.

"போன வாரம் விழுந்தது சுவர், அக்கா. இந்த வாரம்தான் சிம்னி" என்று விளக்கம் சொன்ன தம்பி, உடைந்த புகைபோக்கியைப் பலகையிலிருந்து இரண்டு விரலால் எடுத்துக் கைக்குழந்தையைப்போலத் தடவிக்கொடுத்தான்.

அட்டை, தீக்குச்சி, காலிப் பற்பசைக் குழாயின் தகடு ஆகியவற்றை வைத்து அவன் கட்டிக்கொண்டிருந்தது அந்தக் காலத்து இரும்பாலை ஒன்று. அதன் வாசலில் வந்து நிற்கப்போவது பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் அவனுக்கு மூக்குமேல் கோபம் வரும், 'மாடல்' என்று சொல்லவேண்டும். கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்று கேட்டுவிட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு செங்கல்லாக அட்டையில் கீறுவான். பளபளக்கும் புதுத் தகட்டைத் துருப்பிடித்த மாதிரி காட்ட நாள்கணக்கில் வர்ணம் குழைப்பான். அவன் வீட்டு வாசல் கேட்டோ யார் தயவும் இல்லாமல் தானாகவே துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பாராட்டத்தான் ஆளில்லை.

இனி அக்கா. மகளிர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள், தெருவுக்கே அவள் 'வார்டன்'தான். ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே குறை: தனியாக வாழும் வீட்டில் திருத்துவதற்கு யாரும் இல்லை. ஆகவே தம்பி குடும்பத்தோடு வந்து இருந்துவிடுவது என்று பெருந்தன்மையோடு முடிவெடுத்தாள். தம்பி வீட்டில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு அறை. அதில்தான் சுவருக்குச் சுவர் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, ஆலை எழும்பிக்கொண்டிருந்தது.

"அரைகுறையா நகர்த்தினா பொலபொலன்னு உதிர்ந்துடும்க்கா. முடியட்டும், மாடல் ரயில் சங்கத்துக்காரங்க வண்டி கொண்டுவந்து அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ரூம் உனக்குத்தான்."

முடிந்தால்தானே! வார்டன் ஞாயிறு தவறாமல் அளவுநாடாவோடு வந்து, தன் கட்டிலுக்கு இடம் அளந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு பசை காயவில்லை. இன்னொரு ஞாயிறு ஜன்னல்களைப் பூனை பிய்த்துப் போட்டுவிட்டது. அது எந்த வீட்டுப் பூனை என்பது மட்டும் இதுவரை தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தம்பி பெண்டாட்டி இருக்கிறாளே, அவள்தான் சொக்கத் தங்கம்.

"நீங்கல்லாம் என்ன மனுஷங்க! பாவம், அண்ணி பெட்டி கட்டி வெச்சுக்கிட்டுக் காத்துக் கிடக்கிறாங்க. நீங்க என்னடான்னா அட்டையைக் கீறிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!" அவள் போட்ட சத்தம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. கேட்காதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

"விடும்மா. அவன் சின்ன வயசுலேர்ந்தே மசமசன்னுதான் இருப்பான்" என்றாள் வார்டன், உள்ளம் குளிர்ந்து.

"எப்படி விடறது அண்ணி? நீங்க வந்து நம்ம சமையலறையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர மாட்டீங்களான்னு நான் எவ்வளவு ஏங்கிக்கிட்டிருக்கேன்! அடுத்த வாரமும் கிளம்பறப்ப ஒரு போன் பண்ணிடுங்க, மறந்துடாதீங்க. நீங்க வந்து நிக்கறப்ப காபி சூடா இருக்கணும்."

இப்படி ஒரு தம்பி பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்? வார்டன் தெருமுனைவரை அவள் புகழ் பாடிக்கொண்டே போனாள். கோபமெல்லாம் தம்பிமேல்தான். தான் இல்லாத நேரத்தில் இந்தத் தடியன் வேலை செய்கிறானா, குறட்டை விடுகிறானா? விடுதியில் இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழி உண்டு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி மாடியேறிவிடுவாள்.

அடுத்த ஞாயிறு அதையேதான் செய்தாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பெட்டி. ஆலை முடிகிறவரை ஹாலிலேயே படுத்துக்கொண்டு அவனை வேலை வாங்குவது என்று தீர்மானித்துத்தான் புறப்பட்டிருந்தாள்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவில் காதை வைத்தாள். உள்ளே தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். வேலை செய்கிறவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

கதவைத் தட்டக் கையை ஓங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நாம் திட்டுவதைவிட அவன் பெண்டாட்டி திட்டினால் இன்னும் நன்றாக உறைக்கும். நின்ற இடத்திலிருந்தே தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டாள்.

"நான்தாம்மா. இப்பத்தான் வீட்டுலேர்ந்து கிளம்பறேன்" என்றாள் ரகசியக் குரலில். "இன்னிக்குப் பெட்டியோட வர்றேன். அவன் என்ன பண்றான்னு கொஞ்சம் போய்ப் பாரு."

"வாங்க அண்ணி, வாங்க வாங்க! இதோ, இப்பவே காபிக்குப் பாலை வெச்சுடறேன்!"

போன் அடங்கியது. தம்பிக்கு விழப்போகும் அர்ச்சனையை ஒரு சொல் விடாமல் கேட்பதற்காக, வார்டன் காதைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

"என்னங்க, வார்டன் கிளம்பியாச்சு. சீக்கிரம் எதையாவது இடிங்க!"