மெல்ரோயின் முன்பல்

கொட்டாஞ்சேனை மாதா கோவில் வாசலில் மணப்பெண்ணின் கார் வந்து நின்றது.

மேலே பாடகர் மாடத்தில் மெல்ரோய் ட்ரம்பெற்றைக் கையில் எடுத்தான். மூன்று வாரமாக அவன் ஒரு பாட்டையும் முழுதாக ஊதி முடிக்கவில்லை.

மேல் முன்பல்லை அடைத்த நாளிலிருந்து கூச்சம். குளிர்தண்ணீர் பட்டால் கூசும். வாயால் மூச்சிழுத்தால் கண்ணில் நீர் முட்டும். ட்ரம்பெற் ஊதுகிறவன் வாயால் மூச்சிழுக்காமல் என்ன செய்வான்?

"பயப்பிடாதீங்க, அடைச்ச பல்லு கொஞ்ச நாளைக்குக் கூசத்தான் செய்யும். போகப் போக அடங்கிரும்," என்றார் பல் டொக்டர் ஷபீகா.

அவர் சொன்னதையெல்லாம் செய்தான். மெத்தென்ற பிரஷ். கூச்சத்துக்கென்று தனிப் பேஸ்ட்; துலக்கியபின் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்பினான். ஐஸ் போட்ட சோடாவைத் தொடவில்லை. வெள்ளவத்தையில், கூட வாசிக்கும் அனுஜன் வாங்கித் தந்த ஃபலூடாவை, குளிர் போகும்வரை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நேற்று ஒத்திகையிலும் பாதியில் நின்றுவிட்டான். மணப்பெண் பிறிஜெற் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூசினா விடு. அனுஜன்ட கீபோர்டே போதும்," என்றாள்.

அவன் ட்ரம்பெற்றைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

இப்போது கீழே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கீபோர்டில் கை வைத்தபடி அனுஜன் திரும்பிப் பார்த்தான். நீயா, நானா?

மெல்ரோய் கண்ணை மூடி, வாய் நிறைய மூச்சிழுத்தான்.

ஒன்றுமில்லை.

நம்ப முடியாமல் இன்னொரு தடவை இழுத்தான். காற்று பல்லைத் தொட்டுக்கொண்டு சும்மா போனது. சிரிப்பு பொங்கியது. சிரித்துக்கொண்டு ட்ரம்பெற் ஊத முடியாதே! உதட்டை இறுக்கி ஊதினான்.

முதல் சுரமே கூரையில் போய் முட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காதுக்கருவியைத் திருகினார். அனுஜன் தலையை ஆட்டி ஆட்டிப் பின்னால் சேர்ந்துகொண்டான்.

பீடத்தடியில் மாப்பிள்ளை கிளெமென்ற் காத்திருக்க, பிறிஜெற் நடுவழியில் நின்று மாடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

மெல்ரோய் இன்னும் பலமாக ஊதினான்.

அப்பா இறந்து பதினாறு வருடம். இந்த வயதில் எனக்கென்ன கலியாணம் என்று குறுகிப்போன பிறிஜெற்றிடம், கோவில் வாசலிலிருந்து பீடம்வரை உங்களை நானே ஊதி அழைத்துப் போகிறேன் அம்மா என்று வாக்குக் கொடுத்தவன் அவன்தான்.