அக்கம்பக்கம் எப்படி?

"பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டீங்க, சொன்னேன். திரும்ப வந்து கேட்டீங்க, மறுபடியும் சொன்னேன். இப்ப இன்னொரு தடவை பெல்லடிக்கிறீங்க. என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

எதிர்வீட்டுக்காரர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தெருவில் அவருக்குப் பெயரே சிடுமூஞ்சி.

வீட்டுக்காரம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு! தன் வீட்டை வாங்க வந்த வயதான பெரியம்மாவைத்தான் இந்த மனுஷன் இப்படி விரட்டிக்கொண்டிருந்தார்.

புருஷன் போனதிலிருந்து அந்த வீட்டில் ஒத்தையில் இருக்க வீட்டுக்காரம்மாவால் முடியவில்லை. இருட்டினால் பேச்சுத்துணைக்கு டிவிதான். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார். வந்து பார்த்தவர்களெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்ப வந்தது இந்தப் பெரியம்மா ஒருத்தர்தான்.

ஆனால் அவர் வீட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லை. சமையலறையை எட்டிப் பார்த்ததோடு சரி.

"வீடு கிடக்கட்டும்மா. அக்கம்பக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி. டவுனுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?

மாடிவீட்டு டாக்டரம்மா முதல் தடவை, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று ஜூஸெல்லாம் கொடுத்து உபசரித்தார். இரண்டாவது தடவை திரைச்சீலை ஆடியது, கதவு திறக்கவில்லை. மூலைவீட்டு வாத்தியாரும் முதல் தடவை சிரித்துப் பேசினார்; அடுத்த தடவை, தான் வீட்டில் இல்லை என்று உள்ளே இருந்தபடியே மனைவியை விட்டு ஜன்னல் வழியாகச் சொல்லவைத்தார்.

சிடுமூஞ்சியோ வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதையே வந்து கேட்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு யாராவது வாயைத் திறந்து கேள்வி கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் போயா?

வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு வெளியே ஓடினார்.

"அண்ணே, வயசானவங்க. கொஞ்சம் பொறுமையா..."

"நீ சும்மா இரும்மா! காது கேக்குது, கண்ணு தெரியுது, நான் சொல்றது மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது!" என்றவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். "ஒன்பதே காலுக்கு. மழை பெஞ்சா லேட்டாகும். போதுமா?"

கதவைப் படாரென்று சாத்தினார்.

பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தார். நின்றார். திரும்பிப் போய் மறுபடியும் பெல்லை அழுத்தினார்.

வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது.

"இப்ப என்ன?"

"பஸ் எத்தனை மணிக்கு?"

சிடுமூஞ்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் தலையெழுத்து! ஒன்பதே காலுக்கும்மா, ஒன்பதே காலுக்கு! கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. வெயில்ல நிக்காதீங்க, அங்க மரம் இருக்கு, அதுக்கடியில நில்லுங்க."

பெரியம்மா மெதுவாகத் தெருவைக் கடந்து வீட்டுக்காரம்மாவிடம் வந்தார். மூச்சு வாங்கியது. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டை நான் வாங்கிக்கிறேம்மா."

வீட்டுக்காரம்மாவால் தன் காதையே நம்ப முடியவில்லை. "நிஜமாவா? அவரு பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. சுபாவமே அப்படி."

"அவரு பேசினதாலதான் வாங்குறேன்."

தெருமுனையில் நின்ற காரைக் கை காட்டினார். பின்சீட்டில், காதோரம் நரைத்த ஒருத்தர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையன். உடம்புதான் வளர்ந்திருக்கு, மனசு இன்னும் குழந்தை. ஒரு கேள்வியைப் பிடிச்சான்னா நாள் பூரா அதையேதான் கேட்பான். திட்டினா அவனுக்கு உறைக்காது. பதில் சொல்லலேன்னாதான் துடிச்சுப் போயிடுவான். இந்தத் தெருவுல சிரிச்சுப் பேசினவங்க யாரும் ரெண்டாவது தடவை கதவைத் திறக்கலை. அவரு திட்டினாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் திறந்தாரு, பதிலும் சொன்னாரு."

வீட்டுக்காரம்மா அவர் பக்கம் குனிந்தார். "அதான் பதில் சொல்ல நீங்க கூட இருக்கீங்களேம்மா."

"இருக்க மாட்டேன். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இந்த வருஷம் தாண்டாது."

வீட்டுக்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சமைச்சுப் போட, குளிப்பாட்டி விட ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன். ராத்திரி கூடப் படுத்துக்கவும் ஆள் இருக்கு. சம்பளத்துக்கு வர்றவங்க சோறு போடுவாங்கம்மா. பதில் சொல்ல மாட்டாங்க."

எதிர்வீட்டு கேட் எப்போதோ திறந்திருந்தது. தன்னால் வியாபாரம் கெட்டுவிட்டதோ என்று மனசு கேட்காமல் வந்த சிடுமூஞ்சி, பாதித் தெருவிலேயே நின்றுவிட்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. காரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பஸ் நேரம்தானே? எத்தனை தடவை வேணாலும் கேட்கட்டும். நான் சொல்றேன்."

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினார்.

"பஸ்ஸைப் பத்தி அவன் கேட்க மாட்டான் சார். 'அம்மா எப்ப வருவாங்க?'ன்னுதான் கேட்பான்."