முப்பதாவது கண்ணி

வெந்நீர் அவளுடைய வலது காலில் கொட்டியது.

அலறியது அவள் அல்ல. ஆய்வு மாணவி ஹசீனா.

"மேடம், காலு..."

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு வார்களுக்கு இடையே தோல் சிவந்துகொண்டிருந்தது. ஆவி எழுந்தது.

வலிக்கவில்லை.

காத்திருந்தாள். சில நேரம் வலி தாமதமாக வரும்.

வரவில்லை.

"ஒண்ணுமில்ல ஹசீனா. தண்ணி அவ்வளவு சூடில்ல."

ஹசீனா தரையில் தேங்கியிருந்ததை விரலால் தொட்டாள். சட்டென்று கையை உதறினாள். மேடத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஐஸ் எடுக்க ஓடினாள்.

பேராசிரியை ஆய்வகத்தை ஒட்டிய தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டையில், வெறுங்காலோடு.

இறந்த பிறகு எப்போதும் அப்படித்தான் வருவார். எதுவும் கேட்கமாட்டார்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் வண்டி. ஒருநாள் ஆலங்குளம் தாண்டி வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, நடத்துநரிடம் சொன்னார்.

"பிரேக்கு எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியலடே."

குடித்திருக்கிறார் என்றார்கள். அப்பா குடித்ததே இல்லை.

அதன்பின் அவர் நடை போயிற்று. சாப்பிட்டது தங்கவில்லை. எழுந்து நின்றால் மயங்கி விழுந்தார். செய்வினை என்றாள் பெரியம்மா. எடுக்க ஆள் வந்து, முற்றத்தில் தோண்டி, ஒரு தகட்டைக் காட்டிவிட்டுப் போனான்.

அப்பா ஐம்பதைத் தொடவில்லை.

வேதியியல் படிக்கச் சென்னைக்கு வந்தவள், பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மத்தியானம், அப்பாவைக் கண்டுபிடித்தாள்.

யாரோ எங்கோ எழுதிய கட்டுரை. கால்களில் தொடங்கும் மரப்பு. உருகும் உடல். குடும்பத்தில் பாதிப் பேருக்கு வரும். காரணம் ஒரு புரதம். ஈரல் செய்வது. நான்கு சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ரத்தத்தில் போகும். சங்கிலியின் முப்பதாவது கண்ணியில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் பிடி தளரும். பிரிந்த சங்கிலிகள் நூல் நூலாக நரம்பில் படியும்.

செய்வினை இல்லை. ஒரு கண்ணி.

அன்றிலிருந்து வேறு எதையும் அவள் ஆராயவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அந்தப் புரதத்தைப் படிகமாக்கினாள். படிகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சினாள். எங்கே மடிகிறது, எங்கே பிடி விடுகிறது என்று அணு அணுவாகப் பார்த்தாள். முழு அமைப்பும் முதன்முதலாகத் திரையில் தெரிந்த அன்று, துறையே அவள் மேசையைச் சுற்றி நின்றது. மைசூர்பாகு வாங்கி வந்தார்கள்.

அந்த அமைப்பு அழகாக இருந்தது.

தன் பங்கு மைசூர்பாகை அவள் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டாள்.

அண்ணன் அதற்கு அடுத்த வருடம் படுத்தான். என்ன நோய் என்று அவனிடம் சொன்னாள். தலைமுறை தலைமுறையாக எப்படி வருகிறது என்று படம் வரைந்தும் காட்டினாள். அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"பூரணிகிட்ட சொல்லாத," என்றான். பூரணி அவனுடைய ஒரே மகள்.

அவன் இறந்த பின்னும் அவள் சொல்லவில்லை. தன் அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்றே பூரணி நம்பி வளர்ந்தாள்.

தன் ரத்தத்தையும் அவள் சோதிக்கவில்லை. ஒரு துளி போதும். கருவி பக்கத்து அறையில்தான் இருந்தது. வயது ஐம்பத்தைந்து தாண்டியபோது, தப்பித்துவிட்டோம் என்று ஒரு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள்.

இப்போது அப்பா அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பூரணி வந்தாள். வங்கியிலிருந்து நேராக வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, அத்தையின் காலை மடியில் எடுத்து வைத்து, களிம்பு தடவினாள். கொப்புளம் உடைந்திருந்தது.

"எரியுதா அத்தை?"

"இல்ல."

பூரணியின் விரல் நின்றது. பிறகு மறுபடி தடவத் தொடங்கியது.

அத்தை பூரணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய தாத்தாவை, அப்பாவை, முப்பதாவது கண்ணியை. நான்கு சங்கிலிகளையும் பிரியாமல் பிடித்து வைக்க இப்போது மாத்திரை வந்துவிட்டதை. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் என்பதை.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்கப்பன் வேண்டான்னான். நானும் பயந்துட்டேன்."

பூரணி தலை நிமிரவில்லை.

"நீயும் ரத்தம் பாத்துரணும் பூரணி."

"முதல்ல உங்கள டாக்டர்கிட்ட காட்டுவோம் அத்தை. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். நான் கூட்டிட்டுப் போறேன்."

பூரணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் மாணவர்களின் கேள்விகளைக் கேட்டுப் பழகிய அத்தைக்கு அது மட்டும் உறுத்தியது. அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை போனார்கள்.

நரம்பியல் மருத்துவரின் கூடத்தில் கூட்டம். ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலிகள். அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, தன் பெயருக்காகக் காத்திருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். வரிசையாக எல்லோரையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்க பூரணி. மாத்திரை இப்ப ஒத்துக்குதா?"

பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா. நல்லது. எப்பவும் தனியாவே வருவாங்கம்மா."

பூரணி அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

அவள் பற்றிக்கொண்டாள்.

அந்தக் கை சில்லிட்டிருந்தது. அதை அவளால் உணர முடிந்தது.