கத்தி வைக்க எத்தனை மாதம்

டாக்டர் ஷர்லி கோபிநாத்தின் தலையைப் பார்க்கும் முன்பே அவன் கையிலிருந்த கேள்விக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்ற இரண்டு டாக்டர்களும் அப்படிக் கேட்கவில்லை. திருச்சிக்காரர் இவன் கேள்விகளை வாசிக்க வாசிக்க மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் மூன்றாவது கேள்வியிலேயே தள்ளுபடி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கோபிநாத்துக்கு வயது முப்பத்து மூன்று. ஆலங்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்பது ஐந்து வருடமாகத் தீராத எல்லைத் தகராறு.

சின்ன வெங்காயச் சாறு தேய்த்தான். கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், முடி வரவில்லை. அப்புறம் காலையும் இரவும் சொட்டு மருந்து, தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை அவன் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து உச்சந்தலையில் ஊசி. இருந்த முடி நின்றது. போனது திரும்பவில்லை.

கீரமங்கலத்துப் பெண் வீட்டார் போட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள். அறந்தாங்கிக்காரர்கள் நேரில் வந்து, காபியும் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அண்ணனா என்று அவனிடமே கேட்டார்கள். அவனுக்கு அண்ணன் கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அன்றைக்குத்தான் முடி நடுவதென்று முடிவானது. அவனைவிட அப்பா சிவசாமிதான் உறுதியாக இருந்தார்.

தலையை யார் கையில் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. ஒரு போர்வெல் போடுவதற்கே நாலு பேரை விசாரிக்கிற ஊர். அவன் ஆறு கேள்விகளை மையால் எழுதி வைத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினான். மூன்றாவதாக, இன்று, புதுக்கோட்டையில் டாக்டர் ஷர்லி.

அவர் வரிசையாகப் பதில் சொன்னார். துளை போடுவது தான்தான், உதவியாளர்கள் முடியைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் செய்வதில்லை. பின்மண்டையில் இருப்பதை எடுத்துத்தான் முன்னால் நட முடியும், அதனால் இருபது வயதுத் தலையை எதிர்பார்க்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. போன வருடம் செய்துகொண்ட ஒரு வாத்தியாரின் நம்பரைக் கொடுத்து, அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார், நேரில் போய்த் தலையைத் தொட்டே பார்க்கலாம் என்றார்.

கோபிநாத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. இவர்தான் என்று முடிவு செய்துவிட்டான்.

ஏழாவது கேள்வியில் டாக்டர் நின்றார். அது மட்டும் பென்சிலில் இருந்தது. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன.

‘எத்தனை மாதம் கழித்துத் தலைக்குக் கத்தி வைக்கலாம்?’

திருச்சிக்காரர் இதைக் கேட்டதும் எந்தக் கோயில் என்றார். சாமியிடம் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். மதுரைக்காரர் பத்தே நாள் என்றார். அவர் எதற்கும் பத்தே நாள் என்றுதான் சொன்னார்.

டாக்டர் ஷர்லி சிரிக்கவில்லை.

“இது யாரு எழுதுனது?”

“அப்பாங்க.”

மீதியை அவனாகவே சொன்னான்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒன்றரை வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோ வைத்து இதே புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறான். நேற்று செவ்வாய்க்கிழமை. ஆட்டோ வாசலில் நின்றது, அப்பா எழுந்திருக்கவில்லை. போதும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சியும் பார்த்தான், திட்டியும் பார்த்தான்.

இன்று காலை இவன் கிளம்பும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்தார். தான் எழுதிய கேள்வியை மறக்காமல் கேட்கச் சொன்னார், கேட்டதும் போன் பண்ணச் சொன்னார். நட்ட முடி வேர் பிடிக்கும் முன்பே மகன் தனக்குக் கொள்ளி வைக்க மொட்டை போட வேண்டி வந்துவிடக் கூடாது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான். அதை நினைக்க நினைக்கக் கோபிநாத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

டாக்டர் ஷர்லி பேனாவை மூடி வைத்தார். ஆறு மாதம் போனால் தாராளமாகக் கத்தி வைக்கலாம் என்றார். அதற்கு முன்பே அவசியம் வந்தாலும் பயமில்லை, வேர் பிடித்துவிட்டால் மழித்தாலும் திரும்ப முளைத்துவிடும், இதை அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

கோபிநாத் தலையாட்டினான். பதினெட்டாம் தேதிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினான்.

முதல் ரிங்கிலேயே அப்பா எடுத்தார். மற்ற ஆறு கேள்விகளைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை.

“எத்தன மாசமாம் தம்பி?”

கோபிநாத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. யாருடைய பைக்கின் மீதோ கையை ஊன்றிக்கொண்டான்.

“ரெண்டு வருசத்துக்குக் கத்தியே படக் கூடாதாம்ப்பா. பட்டா வேரோட போயிருமாம். பதினெட்டாந் தேதி பண்றதா முடிவாயிருச்சு.”

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

“ரெண்டு வருசமா?” என்றார் சிவசாமி, அலுத்துக்கொண்டு. “சரி, நேத்து விட்டுப்போனதுக்கு நாளைக்கு எடம் இருக்கான்னு அங்கிட்டே ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வா.”