உளியில் ஏறிய காந்தம்

தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, சுடலையாண்டி தன் உளியை அளவுப் பெட்டிக்குள் வைத்தான். சுத்தியடி விழ விழ உளியில் காந்தம் ஏறும். அதை அளந்துதான் அந்தக் கல்குவாரியில் ஒவ்வொருவரின் வாரவேலையையும் கணக்கிடுவார்கள். கணக்குச் சரியாக இருந்தால், பிறந்து பத்து நாளான மகளை நாளை ஊருக்குப் போய்ப் பார்க்கலாம்.

பெட்டி பூச்சியம் காட்டியது.

“வாரம் பூரா தூங்குனியாடா?” என்றார் மேஸ்திரி.

“குமிஞ்சு கெடக்குற கல்லு தானாவா ஒடஞ்சுச்சு? இப்பத்தாண்ணே உளிய உலையில காய்ச்சிக் கூராக்குனேன். மழுங்குன உளிய ஒப்படைக்கலாமா?”

“காய்ச்சுனா ஏறுன காந்தம் பூரா போயிருமேடா, கூறுகெட்டவனே!”

“கல்லப் பாருங்கண்ணே.”

மேஸ்திரி பார்த்தார். “என் கண்ணுக்குத் தெரியுது, பெட்டிக்குத் தெரியலையே” என்றபடி எழுதினார்: சுடலையாண்டி, ஆறு நாள் வேலை பாக்கி.