டீச்சர் கேட்ட ஒரே கேள்வி

கலைப்பிரியாவின் வலது பாதத்தை டீச்சர் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

தன் மகளின் காலை ஒரு வெள்ளைக்கார அம்மா பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அருணாவுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. டீச்சரின் முகம் மலர்வதைப் பார்த்ததும் கூச்சம் போய், ஆசை வந்துவிட்டது.

குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்புக்கு நடுவே, பாலே என்னும் மேல்நாட்டு நடனம் சொல்லிக்கொடுக்கும் இந்தக் கூடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் படாத பாடு பட்டிருந்தார்கள். விழுப்புரத்தில் டான்ஸ் கிளாஸ் என்று போர்டு போட்டிருந்த இடத்தில் சினிமாப் பாட்டுக்குக் குதிக்கச் சொன்னார்கள். திண்டிவனத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் அம்மா, முதலில் அரைமண்டியில் ஒழுங்காக நிற்கட்டும், பாலேவை அப்புறம் பார்க்கலாம் என்றார். இரண்டு இடத்துக்கும் கொஞ்ச நாள் போன கலைப்பிரியா, கடைசியில் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செல்போனைப் பார்த்தே காலைத் தூக்க ஆரம்பித்தாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள்.

அந்த அப்பன் ஆனந்தராஜுக்கு மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கும் தொழில். யார் கழனியில் எந்த மோட்டார் நின்று போனாலும் சரி, சனி ஞாயிறு தவறாமல் மகளை வளவனூரிலிருந்து பைக்கில் இங்கே கூட்டிவந்துவிடுவான்.

இன்று டீச்சர் முடிவு சொல்லும் நாள். பெங்களூரில் ஒரு பெரிய பாலே பள்ளியில் ஆடிஷன். தேர்வாகிவிட்டால் அங்கேயே தங்கிப் படிக்கலாம். இந்தக் கூடத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும்.

டீச்சர் பாதத்தைக் கீழே இறக்கி வைத்தார். கால் நல்ல பலமாக இருக்கிறது, கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்றார். இங்கே வந்து வெகுகாலம் ஆனதால் அவர் பேச்சு அசல் குயிலாப்பாளையத்துப் பேச்சு. ஊரின் கூச்சம்தான் அவருக்கு இன்னும் ஒட்டவில்லை.

"பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா?"

சளி பிடித்திருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டார். வாசற்படியில் பைக் சாவியோடு ஆனந்தராஜ் நின்றிருந்தான்.

அருணா சட்டென்று வாசற்படியைப் பார்த்தாள்.

கலைப்பிரியா வயதுக்கு வந்து அரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவும் மகளும் அதை மூடி வைத்திருந்தார்கள். ஆனந்தராஜுக்குத் தெரிந்தால், கண்டாச்சிபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் ஜெகதீசனுக்குச் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சொன்னால் மண்டபம், பேனர், தாய்மாமன் சீர். அதோடு ஆட்டமும் முடிந்தது. ஜெகதீசனின் மகள் மாவட்டப் போட்டி வரைக்கும் ஓடிய பிள்ளை. மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பேச்சுக்கு ஆனந்தராஜ் எதிர்ப்பேச்சு பேசியதே கிடையாது.

"இல்லீங்க மேடம், இன்னும் இல்ல. அது கொயந்தைங்க," என்று வாசற்படியிலிருந்தே சொல்லிவிட்டான் அவன்.

அருணாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் மகளும் மூச்சு விட்டது கேட்டது.

டீச்சரின் முகம்தான் வாடிப்போனது.

அப்புறம்தான் விளக்கினார். ஆடிஷனில், முனை கட்டையாக இருக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு கால்விரல் நுனியில் நின்று ஆட வேண்டும். அந்தப் பயிற்சியை உடனே ஆரம்பித்தாக வேண்டும். எலும்பு முற்றாத பிள்ளையை அப்படி நிற்க வைத்தால் பாதம் ஆயுசுக்கும் கெட்டுவிடும். வயதுக்கு வந்து சில மாதங்கள் ஆன பிள்ளை என்றால் இந்தக் காலை நம்பி ஏற்றிவிடுவேன், இல்லாவிட்டால் என் மனசு ஒப்பாது என்றார். அடுத்த வருடம் அனுப்பலாம் என்றால், வயது வரம்பு தாண்டிவிடும்.

சொல்லிவிட்டு மூன்று பேரையும் பார்த்தார்.

அருணா கணவனைப் பார்த்தாள். கலைப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். ஆனந்தராஜ் சாவியைக் கீழே தவறவிட்டான். குனிந்தவன் நிமிர நேரமானது.

ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் புருஷனுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் ஆடிஷன் ஏது, பெங்களூர் ஏது. அருணா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளைக்கு நல்லது செய்கிறோமா கெட்டது செய்கிறோமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

டீச்சர் செல்போனை எடுத்து இன்னொரு பெண்ணின் பெயரைப் பெங்களூருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கலைப்பிரியாவின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அருணாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் பைக்கில் ஏறி ஊர் திரும்பினார்கள்.

வளவனூர் கடைத்தெருவில் ஆனந்தராஜ் பைக்கை நிறுத்தினான். மெடிக்கலுக்குள் போனவன், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து, அதை அருணாவின் கையில் கொடுத்தான்.

பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. மெடிக்கலில் செய்தித்தாள் சுற்றிக் கொடுப்பது எதை என்று எல்லாருக்கும் தெரியும். அருணாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து வருடக்கணக்கு ஆகிறது. அந்த வீட்டில் அது தேவைப்படுகிறவள் ஒருத்திதான்.

"எனக்குத் தெரியும்னு ஆயிட்டா அண்ணன்கிட்ட சொல்லணும். அதான் தெரியாத மாரியே இருந்துட்டேன்," என்றான். "நீ டீச்சர்கிட்ட சொல்லியிருந்தா காதுல கேக்காத மாரியே இருந்திருப்பேன். நீ சொல்லிடுவே, சொல்லிடுவேன்னு பாத்துக்கினே நின்னேன் அருணா."

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த கலைப்பிரியா, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.